அறுபத்திரண்டு ரூபாய் சீட்

யூசுப் பாய் உட்கார்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

மஞ்சக்குப்பத்தில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். டீக்கடை பெஞ்சு காலியாகக் கிடக்கும். அவர் பந்தக்காலில் தோளைச் சாய்த்து நின்றபடியே குடிப்பார். முடி வெட்டப் போனால் வெட்டுகிறவர்தான் பாவம், முக்காலி மேல் ஏறி நின்று வெட்டுவார். தொழுகையில் இருக்கவேண்டிய இடத்திலும் சைக்கிள் சீட்டிலும் மட்டும் ஒரு பக்கமாகச் சரிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பார். அதைக் கணக்கில் சேர்க்கவேண்டாம். மற்றபடி "உக்காருங்க பாய்" என்று யார் சொன்னாலும், "இருக்கட்டும், இருக்கட்டும்" என்று ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நிற்பார், சுடுமணலில் விட்ட கோழி மாதிரி.

சிரிக்காதீர்கள் கண்ணுகளா. உட்காரும் இடத்தில் கட்டி வந்தவருக்குத்தான் அந்த வேதனை தெரியும்.

தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, தட்டார் வீடுகளில் உலை அணைந்து கிடந்த வருஷம் அது. முஹம்மது யூசுப்புக்கு முப்பத்தெட்டு வயது. கைலி வியாபாரம். திங்களும் புதனும் கேரியரில் அறுபது கைலியைக் கட்டிக்கொண்டு கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு மிதிப்பார். போக இருபத்தெட்டு மைல், வர இருபத்தெட்டு மைல். அண்ணாமலை நகர் ஹாஸ்டல் பிள்ளைகள்தான் அவருக்கு வாடிக்கை. பஸ்ஸில் போகலாமே என்பீர்கள். பஸ் மூட்டைக்குத் தனியாகக் காசு கேட்கும்; ஸ்டாண்டிலேயே இறக்கிவிட்டுப் போய்விடும். ஹாஸ்டல் ஹாஸ்டலாக, குவார்ட்டர்ஸ் குவார்ட்டர்ஸாகச் சுற்ற சைக்கிள்தான் வேண்டும்.

அந்தச் சைக்கிளில் இருந்தது எட்டு ரூபாய் சீட். ரெக்சின் கிழிந்து, உள்ளே இருந்த தேங்காய் நார் கொட்டிப்போய், தகரமும் கம்பிச் சுருளும்தான் மிச்சம். அதன் மேல் ஏழு வருஷம் மிதித்ததில் கட்டி வந்தது. உடைந்தது, ஆறியது, திரும்ப வந்தது. ஆஸ்பத்திரி டாக்டர் கீறிவிட்டுச் சொன்னார், "சீட்ட மாத்துங்க, இல்ல சைக்கிள விடுங்க. மூணாவது வழி இல்ல."

மூன்றாவது வழியோடு பினாங்கிலிருந்து வந்து இறங்கினார் அபுல் ஹசன். யூசுப்பின் மனைவி ஜொஹரா பீவிக்குக் கூடப்பிறந்த அண்ணன்; அங்கே ஒரு மளிகைக் கடையில் கணக்குப்பிள்ளை. மூன்று மாத லீவில் வந்தவர் கையில் ஓர் அட்டைப்பெட்டி கொண்டுவந்தார். உள்ளே, யூசுப்பின் சைக்கிளில் பூட்ட, தங்க நிறத்தில் ஒரு மணி. அழுத்தினால் கோயில் மணிக்கும் பள்ளிக்கூட மணிக்கும் நடுவில் ஒரு சத்தம் கேட்கும். தெருவே திரும்பிப் பார்க்கும்.

"இதுக்கு மட்டும் பன்னெண்டு மலாயா வெள்ளி மச்சான்," என்றார் பெருமையாக. பிறகு விஷயத்துக்கு வந்தார். "எங்க கடையில ஒரு ஆளு வேணும். அங்க உக்காரவே வேணாம். காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் நின்னுக்கிட்டே பொட்டலம் மடிக்கணும். உங்களுக்குன்னே அல்லா படைச்ச வேலை."

யூசுப் சிரித்தார். அன்று இரவு தூங்கவில்லை.

அவருடைய அத்தாவும் அப்படித்தான் போனார், ரங்கூனுக்கு. யூசுப்புக்கு அப்போது நான்கு வயது. திரும்பி வந்தபோது பதினாறு. வாசலில் நின்ற பிள்ளையைப் பார்த்து, "தம்பி யாரு?" என்று கேட்டார் அத்தா. மகள் ஆரிபாவுக்கு இப்போது ஆறு வயது. அவளைப் பார்த்து அந்தக் கேள்வியைத் தாம் கேட்டுவிடக்கூடாது என்பது ஒன்றுதான் யூசுப்பின் பயம். ஆனால் கட்டியோடு மிதிக்கவும் முடியாது, மிதிக்காவிட்டால் அடுப்பு எரியாது. அபுல் ஹசன் கெடு வைத்துவிட்டார். "முதலாளிக்கு இருபத்தாறாந்தேதி வெள்ளிக்கிழமை தபால்ல எழுதணும். வர்றீங்களா, இல்லியா, அதுக்குள்ள சொல்லிடுங்க."

புருஷன் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறுவதை ஜொஹரா பீவி எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பாள்? அவளுடைய இரண்டு காதிலும் விளிம்பைச் சுற்றி அலுக்கத்து தொங்கும். குட்டிக் குட்டித் தங்க ஜிமிக்கிகள், அவள் உம்மா போட்டு அனுப்பியவை. அதில் காதுக்கு இரண்டாக நாலைக் கழற்றி விற்றாள். சைக்கிள் கடை காத்தவராயனைக் கூப்பிட்டு என்னவோ சொல்லி அனுப்பினாள். அவர் புதுச்சேரிக்குப் போய்க் கொண்டுவந்தார் ஒரு சீமை சீட்.

கறுப்புத் தோல். அடியில் கட்டைவிரல் தடிமன் ஸ்பிரிங். விளிம்பில் சம்மட்டியால் அடித்துப் பரத்திய செம்பு ஆணிகள், ஒவ்வொன்றும் காலணா அகலம். விலை அறுபத்திரண்டு ரூபாய்.

யூசுப் அந்தச் சைக்கிளையே தொண்ணூறு ரூபாய்க்குத்தான் வாங்கியிருந்தார், பழசாக.

தெரு சும்மா இருக்குமா? "சுண்டக்கா கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்றார் டீக்கடைக்காரர். "குதிரைய வுட சேணம் வெல ஜாஸ்தியா இருக்குதே பாய்" என்றார் எதிர்வீட்டு ராஜமாணிக்கம். பன்னிரண்டு வெள்ளிக்கு மணி வாங்கின அபுல் ஹசன்தான் எல்லாரையும் விட அதிகம் சிரித்தார். "மணி அடிச்சா நாலு பேரு பாப்பான். அந்தச் சீட்ட யாரு பாக்கப் போறா? நீங்க குந்திக்கிட்டா மறைஞ்சிடும்!"

காத்தவராயன் பழைய சீட்டை வாடகைச் சைக்கிளுக்கு எடுத்துக்கொண்டார். புதியதைப் பூட்டித் தட்டிக்கொடுத்தார். "மொதல்ல கல்லு மாதிரி இருக்கும் பாய். உங்க ஒடம்பு அச்சு அதுல வுழுவணும். வுழுந்துட்டா அப்புறம் உங்க உம்மா மடிதான்."

கல் மாதிரிதான் இருந்தது. திங்கட்கிழமை சிதம்பரம் போய்வந்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. வரட்டும், அச்சு விழட்டும் என்று பொறுத்துக்கொண்டார்.

மறுநாள் டீக்கடையில் அபுல் ஹசன் அந்தச் சீட்டைத் தடவிப் பார்த்தார். "வழவழன்னு இருக்குதே மச்சான்," என்றவர் கொஞ்சம் நிறுத்திக் குரலைத் தாழ்த்தினார். "பினாங்குல தொரைமாருங்க கையுறை, பர்ஸு, பொட்டி எல்லாம் இப்படித்தான் இருக்கும். அது பன்னித்தோலும்பாங்க."

"சீ! சீட்டுக்குப் போயா?"

"எனக்கென்னா தெரியும்? சொன்னதச் சொன்னேன். தொரைக்கு மாடும் ஒண்ணு, பன்னியும் ஒண்ணு."

அவர் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். பொய் சொல்லவேண்டும் என்று சொன்னதல்ல. வாய்க்கு வந்ததைச் சொன்னார். ஆனால் அந்த ஒரு சொல் யூசுப்பின் காதுக்குள் வண்டு மாதிரி புகுந்துகொண்டது.

பன்றி என்றால் நஜீஸ், அசுத்தம். பட்ட துணியை ஏழு தரம், அதில் ஒரு தரம் மண் கரைத்து, கழுவவேண்டும். காய்ந்ததோடு காய்ந்தது பட்டால் ஒட்டாது என்பார்கள். சரி, சித்திரை வெயிலில் இருபத்தெட்டு மைல் மிதிக்கிறவன் கைலி எங்கே காய்ந்திருக்கும்? பிழிந்தால் ஆழாக்கு வேர்வை வரும். அதோடு போய் மதியம் லுஹர் தொழுதால் அந்தத் தொழுகை என்ன ஆகும்? நேற்றுத் தொழுதது என்ன ஆயிற்று?

பள்ளிவாசல் ஹஜ்ரத்தைக் கேட்டிருக்கலாம். கேட்டு, அவர் "ஆகாது" என்றுவிட்டால்? அதோடு சீட் போயிற்று, சைக்கிள் போயிற்று, கப்பல்தான். ஜொஹராவிடம் சொல்லலாம். அவள் காதைப் பார்த்தார். அலுக்கத்து இருந்த ஓட்டைகள் தூர்ந்துவிடாமலிருக்க வேப்பங்குச்சியை ஒடித்துச் செருகியிருந்தாள், நாலு குச்சி. அந்தக் காதைப் பார்த்துக்கொண்டு இதை எப்படிச் சொல்வது?

யாரையும் கேட்கவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் புதன்கிழமை, சைக்கிளை எடுத்துத் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போய், பெடலில் ஏறி நின்று மிதித்தார். சீட்டில் குந்தவே இல்லை. மிதிப்பார், இரண்டு பெடலிலும் நின்றபடி உருளவிடுவார், கால் நோகும்போது இறங்கித் தள்ளுவார். சிதம்பரம் வரைக்கும். திரும்பியும்.

அடுத்த திங்களும் அப்படியே. உள்ளூரிலும் அப்படியே. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் தொடை நடுங்கும். ஜொஹரா தோசை வார்த்துக்கொண்டே கேட்பாள், "சீட்டு எப்படி இருக்குது?"

"நல்லா இருக்குது."

"வலி?"

"கொறைஞ்சிருக்குது."

அவள் நிமிர்ந்து ஒரு பார்வை பார்ப்பாள். வேறொன்றும் கேட்கமாட்டாள்.

இப்படியாகக் கடைசிப் புதன்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை தபாலுக்கு நடுவில் இருந்தது ஒரே ஒரு நாள்.

விடியலில் சுபுஹு தொழுதுவிட்டுக் கிளம்பினார். ஆலப்பாக்கம் தாண்டும்போது சோழகக் காற்று எழும்பிவிட்டது. தெற்கிலிருந்து வருகிற அந்தக் காற்று, தெற்கே போகிறவன் நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். குனிந்து உட்கார்ந்து மிதிப்பவன் தப்பிப்பான். நின்று மிதிக்கிறவன் பாய்மரம் மாதிரி, முழுக் காற்றையும் தானே வாங்கவேண்டும். புதுச்சத்திரத்தில் ஒரு மாட்டு வண்டியைத் தாண்ட மணியை அடித்தார். பன்னிரண்டு வெள்ளி மணி. வயலில் நாற்றைக் கட்டாக முடிந்துகொண்டிருந்த பெண்கள் எல்லாம் நிமிர்ந்தார்கள்.

"தோ பாருடி, பாயி நின்னுக்கிட்டே போறாரு!"

"என்னா பாய், சீட்ட வாடகைக்கு வுட்டுட்டீங்களா?"

"பாவம்டி, மூட்டைய எறக்கிட்டா குந்துவாரு!"

யூசுப் மிதித்தார். நாளை மறுநாள், நாளை மறுநாள் என்று ஒரு பெடலும், என்ன சொல்ல, என்ன சொல்ல என்று மறு பெடலும் சுற்றின. முட்லூர் தாண்டி வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறியபோது காற்று பக்கவாட்டில் ஓங்கி அறைந்தது. வலது கெண்டைக்கால் சுருட்டிப் பிடித்தது. இடுப்பு தானாகச் சீட்டை நோக்கிச் சரிந்தது. ஒரு விரற்கடை இருக்கும்போது, "யா அல்லா" என்று கைப்பிடியை விட்டுக் குதித்தார். சைக்கிள் ஒரு பக்கம், மூட்டை ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். மணி மட்டும் தானாக ஒரு தரம் அடித்து ஓய்ந்தது.

பாலத்துக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். கீழே ஆறு கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. கப்பலில் ஏறினால் இந்தக் கால் நோகாது என்று நினைத்தார். நினைத்தவுடன் ஆரிபா வாசலில் நிற்பது தெரிந்தது, பதினெட்டு வயதுப் பெண்ணாக, யாரோ மாதிரி.

மீதி வழியெல்லாம் தள்ளிக்கொண்டே போனார்.

ரயில்வே கேட்டைத் தாண்டி அண்ணாமலை நகருக்குள் நுழைந்தால், மைதானத்து வேப்பமரத்தடியில் லூர்துசாமி இருப்பார். பந்து தைப்பது, பிள்ளைகளின் பூட்ஸுக்கு அடித்தோல் போடுவது அவர் வேலை. யூசுப் நொண்டிக்கொண்டு வருவதைப் பார்த்து வாயிலிருந்த நூலை எடுத்தார்.

"வாங்க பாய். சீட்டுல குந்தாமயே கடலூர்லேருந்து வர்றீங்களாமே. பஸ்காரன் சொல்லிச் சிரிச்சிட்டுப் போறான். என்னா, நேத்திக் கடனா?"

"லூர்து, ஒண்ணு கேக்கணும். எனக்கில்ல. எங்க கூட்டாளி ஒருத்தன், ஒரு சீட்டு வாங்கினான்..."

"சரி. ஒங்க கூட்டாளி சைக்கிள இப்படி நெழல்ல நிறுத்துங்க."

யூசுப்புக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் நிறுத்தினார். வாயை விட்டு அந்தச் சொல் வரவில்லை, "அது என்னா தோலு?" என்று மட்டும் கேட்டார். லூர்துசாமி அவர் முகத்தையும் தொப்பியையும் பார்த்தார், புரிந்துகொண்டார். கேலி செய்யவில்லை. ஈரத்துணியால் சீட்டின் ஓரத்தை அழுத்தித் துடைத்தார். கறுப்புப் பாலீஷ் கொஞ்சம் வந்தது. சாய்வெயிலுக்குத் திருப்பி வைத்தார்.

"கிட்ட வாங்க. மயிர்க்கண்ணு தெரியுதா? சின்னச் சின்னப் புள்ளி. எப்படி இருக்குது?"

"எப்படின்னா... எறைஞ்சு கெடக்குது."

"தூத்தல் போட்ட புழுதி மாதிரி, இல்ல? அது மாடு. நல்லா வளந்த மாடு, முதுகுத்தோலு. இப்ப இதப் பாருங்க, தொட வேணாம், பாருங்க." பையிலிருந்து ஒரு பர்ஸை எடுத்தார், தைக்க வந்தது. "இது நீங்க பயப்படுறது. இதுல புள்ளி மூணு மூணா நிக்கும். அடுப்புக்கல்லு கூட்டுன மாதிரி. எந்தச் சீமைக்குப் போனாலும் அதுக்கு மூணுதான்."

யூசுப் குனிந்து பார்த்தார். மூன்று மூன்றாக அடுப்புக்கல். திரும்பிச் சீட்டைப் பார்த்தார். தூறல் போட்ட புழுதி. இன்னொரு தரம் அங்கே, இன்னொரு தரம் இங்கே. எட்டு நாளாக இழுத்துப் பிடித்திருந்த மூச்சு வெளியே வந்தது. பக்கத்தில் கிடந்த மரப்பெட்டி மேல் அப்படியே பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. வலிக்கவில்லை.

இடப்பக்கம் நகர்ந்து பார்த்தார். வலப்பக்கம் நகர்ந்து பார்த்தார். லூர்துசாமி, "என்னா பாய், பொட்டி கடிக்குதா?" என்றார்.

கட்டி வற்றிப் போயிருந்தது. எட்டு நாள் எதிலும் படாமல், எதுவும் அழுத்தாமல் இருந்ததில் தானாக வற்றியிருந்தது. இதை எப்படி எடுத்துக்கொள்வது? அறுபத்திரண்டு ரூபாய் சீட் குணப்படுத்திவிட்டது, அவர் அதில் உட்காராமலே. அப்படியென்றால் எட்டு ரூபாய் சீட்டிலும் உட்காராமல் இருந்திருக்கலாமே! நாலு அலுக்கத்து வீணா? சந்தோஷப்பட ஆரம்பித்த மனசு பாதியிலேயே மறுபடி அலைய ஆரம்பித்தது.

"லூர்து, இது அறுபத்திரண்டு ரூபா. பெறுமா?"

"வெறுந்தோலா எங்கிட்ட கொண்டாந்தா அஞ்சு ரூபாக்கு மேல தரமாட்டேன்." லூர்துசாமி ஆணிகளை ஒவ்வொன்றாக விரலால் தட்டினார். "ஆனா இத இழுத்துக் கட்டியிருக்குறான் பாருங்க, அங்கதான் காசு போயிருக்குது. அடியில வெளக்கெண்ண தடவுங்க. ரெண்டு மாசம் இத நீங்க தாங்கணும். அப்புறம் பத்து வருசம் இது ஒங்களத் தாங்கும். எட்டு ரூபா சீட்டு அப்படிச் சொல்லுமா?"

பத்து வருஷம். ஆரிபாவுக்குப் பதினாறு ஆகிவிடும்.

அன்று ஹாஸ்டலில் பதினேழு கைலி விற்றது. மூன்று மணிக்குத் திரும்பினார். ரயில்வே கேட் தாண்டியதும் ஏறினார். பெடலில் ஒரு நிமிஷம் நின்றார். பிறகு பிஸ்மி சொல்லி மெதுவாக இறங்கி உட்கார்ந்தார். கல்தான். எலும்பு இரண்டும் தோலில் இடித்தன. ஆனால் அது வேறு வலி, வேலை செய்த உடம்புக்கு வருகிற வலி. காலையில் நெஞ்சில் கை வைத்துத் தள்ளிய சோழகம் இப்போது முதுகில் கை வைத்துத் தள்ளிற்று. புதுச்சத்திரத்தில் காரணமே இல்லாமல் மணியை அடித்தார்.

"அடியே, பாயி குந்திட்டாரு!" என்று வயலில் ஒரு குரல் கேட்டது.

வீட்டுக்கு வந்தபோது அந்தி மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். தொழுதுவிட்டு வந்தார். அபுல் ஹசன் பாயில் உட்கார்ந்து, மடியில் பலகை வைத்து, நீலத் தாளில் முதலாளிக்கு சலாம் எழுதி முடித்திருந்தார். அதன் கீழே இடம் காலியாக இருந்தது.

"என்னா மச்சான், என்னா எழுதட்டும்? அந்த நஜீஸு சீட்டக் கழட்டிட்டு வந்து கப்பலேறுங்க."

ஜொஹரா அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். "எது நஜீஸு?"

"இல்லம்மா, அது பன்னித்தோலுன்னு..."

"யாரு சொன்னது?" அண்ணனைக் கேட்டாள். கேட்டுவிட்டுப் புருஷனிடம் திரும்பினாள். "இதுக்குத்தான் நின்னீங்களா? சாயங்காலம் சாயங்காலம் சைக்கிளத் தொடைக்கிறவ நான். சீட்டு மேல விரலால எழுதலாம், அத்தனை தூசி. உக்காந்த சீட்டுல தூசி எப்படி நிக்கும்? நல்லா இருக்குது, நல்லா இருக்குதுன்னு எங்கிட்டயே சொல்றீங்க. வலி தாங்காம நிக்கிறீங்க, நான் சங்கடப்படுவேன்னு மறைக்கிறீங்கன்னு நெனச்சு, நானும் வாயத் தெறக்காம கெடந்தேன்."

"ஜொஹரா, நான் என்னா..."

"கேக்காமலா காதுலேருந்து கழட்டுவேன்? பாண்டி கடைக்காரரு நம்மாளு, மரைக்காயரு. மாட்டுத்தோலுதானான்னு அவரு வாயால சொல்லக் கேட்டுக்கிட்டு வந்தாத்தான் காசுன்னு காத்தவராயன்கிட்ட சொல்லி அனுப்பினேன். பதம் பண்ணின மாட்டுத்தோலு சுத்தம்னு ஹஜ்ரத்து வூட்டம்மாவையும் கேட்டுக்கிட்டேன். ஒரு வார்த்த எங்கிட்ட கேட்டிருந்தா எட்டு நாளு குந்திக்கிட்டுப் போயிருக்கலாம்!"

கோபத்தில் தலையை ஆட்டியபோது காதில் இருந்த ஒரு வேப்பங்குச்சி கீழே விழுந்தது. யூசுப் குனிந்து அதை எடுத்தார். அரை விரல் நீளம்கூட இல்லை. குந்திக்கொண்டு போயிருந்தால் கட்டி வற்றியிருக்காது என்று சொல்லலாம். அது அவளுக்குச் சொல்கிற பதில் இல்லை.

குச்சியை அவள் கையில் கொடுத்தார். விரித்திருந்த பாயில், சோறு வைத்திருந்த சஹன் தட்டுக்கு முன்னால், இரண்டு காலையும் மடக்கி நேராக உட்கார்ந்தார்.

ஆரிபா ஓடிவந்து, "அத்தா குந்திட்டாங்க!" என்று மடியில் ஏறினாள். ஏறிய வேகத்தில் வலித்தது. அவர் நகரவில்லை.

"எழுதிக்குங்க மச்சான்," என்றார். "வரலன்னு."

அபுல் ஹசன் பேனாவை மூடவில்லை. "யோசிச்சுச் சொல்லுங்க. கட்டி மறுபடி வந்தா?"

"வந்தா நிப்பேன்."

"எத்தன நாளு நிப்பீங்க?"

"அது எனக்குத் தெரியாது. நின்னாலும் இங்கதான் நிப்பேன்."

அபுல் ஹசன் தங்கையைப் பார்த்தார். அவள் விளக்கெண்ணெய் ஜாடியைத் தேடிக்கொண்டிருந்தாள், அடுப்படி மாடத்தில் ஒவ்வொன்றாக நகர்த்தி. அவர் காகிதத்தில் இரண்டு வரி எழுதினார். எழுதி மடித்தவர், வெளியே போய்ச் சைக்கிள் பக்கத்தில் கொஞ்சநேரம் நின்றார். ஒருவரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, மெதுவாக ஏறிச் சீட்டில் உட்கார்ந்து பார்த்தார்.

"ஆத்தாடி, கல்லு!" என்று சத்தம் கேட்டது.